பழைய மடிக்கணினிக்குப் புத்துயிர்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் நிகழ்த்திய பேச்சு)



பழைய விளையாட்டு மடிக்கணினியைப் பழுதறிந்து புதுப்பித்தல் என்பது இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். தலைப்பைக் கேட்டதும் பெரியோர்களிற் சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறோம். பிள்ளைகள் இரவிரவாகக் கண்விழித்து விளையாடும் ஒரு சாமானுக்குச் சொற்பொழிவும் வேண்டுமோ என்று அவர்கள் எண்ணுதல் இயல்பே. ஆயினும் அந்தச் சாமானுக்குக் காசு கொடுத்தவர்கள் அவர்களே ஆதலால், இந்தப் பொருளில் எம்மைவிட அவர்களுக்கே உரிமை அதிகம். ஆகவே பொறுமையோடு செவிசாய்க்குமாறு அவர்களை முதற்கண் வேண்டிக்கொள்கிறோம்.

விளையாட்டு மடிக்கணினி என்று பெயர் இருந்தாலும், அதனை விளையாட்டுக்கு மட்டுமே பாவிப்பவர் சிலரே. பொறியியல் மாணவர் கட்டடப் படம் வரைவதும், விஞ்ஞான மாணவர் பெருந்தொகையான தரவுகளைக் கணக்கிடுவதும், ஊடகம் பயில்வோர் காணொளி தொகுப்பதும் அதே யந்திரத்திலேதான். பகலிற் பாடம், இரவில் ஆட்டம் என்று இரண்டு உத்தியோகம் பார்க்கும் யந்திரம் அது. அது படுத்துவிட்டால் ஆட்டம் மட்டும் நிற்பதில்லை. ஒப்படைக்க வேண்டிய ஆய்வறிக்கையும் நின்றுவிடுகிறது.

புதியதொன்றை வாங்கினாற் போகிறது என்று சொல்வது எளிது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் ஏறக்குறைய 360 ரூபாவுக்கு உயர்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பொருளாகிய மடிக்கணினியின் விலையும் அதனோடு ஏறிற்று. அன்றிலிருந்து பல வீடுகளிலே, பழையதைத் திருத்துவதா புதியதை வாங்குவதா என்பது பிள்ளையின் ஆசை பற்றிய கேள்வியாக இல்லாமல், குடும்பத்தின் வரவு செலவு பற்றிய கேள்வியாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை காணும் முறையைத்தான் இன்று ஆராயப் போகிறோம்.

எமது கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். யந்திரம் கிழடாகிவிட்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு நோயன்று. தூசி, காய்ந்த பசை, தளர்ந்த தட்டு, போதாத நினைவகம், மெலிந்த மின்கலம் எனத் தனித்தனியான நான்கைந்து நோய்களின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் வேறு அடையாளமும் வேறு மருந்தும் உண்டு. முதலில் அளந்து பார்த்து நோயை அறிய வேண்டும். பின்னரே காசை வெளியில் எடுக்க வேண்டும். இம்முறையை மாற்றிச் செய்பவர் காசையும் இழப்பர், யந்திரத்தையும் இழப்பர்.

யந்திரம் ஏன் மெதுவாகிறது?

சாதாரண மடிக்கணினியிலே செயலி ஒன்றே பெரும்பாலும் எல்லா வேலையையும் பார்க்கும். விளையாட்டு மடிக்கணினியிலோ, படங்களை வரைவதற்கென்றே தனியானதொரு வரைவுச் செயலி, தனக்குரிய நினைவகத்தோடு அமைந்திருக்கும். 2017ஆம் ஆண்டிலே வெளிவந்த யந்திரங்களை உதாரணமாகக் கொள்வோம். இன்ரெல் நிறுவனத்தின் கோர் ஐ7-7700எச்கியூ என்னும் செயலியும், என்விடியா நிறுவனத்தின் ஜிரிஎக்ஸ் 1050 ரிஐ என்னும் வரைவுச் செயலியும் சேர்ந்த மடிக்கணினிகள் அக்காலத்தில் பல நிறுவனங்களால் விற்கப்பட்டன. இன்றும் எம் நண்பர் பலரின் மேசையில் அவை இருக்கின்றன. அந்தச் செயலிக்கு நான்கு கருக்கள். அதன் அடிப்படை வேகம் 2.8 கிகாஹேர்ட்ஸ், தேவை வந்தால் 3.8 வரை எழும்பும். அதற்குக் குறிக்கப்பட்ட வெப்ப அளவு 45 உவாற்று. வரைவுச் செயலியும் முழுமூச்சில் இயங்குமானால், பழைய 100 உவாற்று மின்குமிழ் ஒன்று தரும் சூட்டுக்குக் குறையாத சூடு, ஒரு தடித்த கொப்பியின் பருமனுள்ள பெட்டிக்குள்ளே பிறக்கிறது.

இந்தச் சூட்டைச் செப்புக் குழாய்கள் ஏந்திச் சென்று, மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட ஓரத்திலே விடுகின்றன. விசிறிகள் அந்தத் தகடுகளுக்கிடையே காற்றை ஊதிச் சூட்டை வெளியே தள்ளுகின்றன. இந்த ஒழுங்கில் ஏதேனும் ஒன்று தடைப்பட்டாற் சூடு உள்ளேயே தங்கும். சூடு 100 பாகை செல்சியசை எட்டியதும், அந்தச் செயலி தான் கருகிப் போகாதிருக்கும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இதனை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். செயலி வயதினால் வேகத்தை இழப்பதில்லை. 2017இல் எத்தனை வேகத்திற் கணக்கிட்டதோ அத்தனை வேகத்தில் இன்றுங் கணக்கிட வல்லது. மூச்சுத் திணறுவதனால் அது மெதுவாக நடக்கிறது. மூச்சு வழியைத் திறந்துவிட்டால் மீண்டும் ஓடும்.

அடையாளங்களை அறிதல்

வைத்தியர் நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பதில்லை. அதுபோல, திருப்புளியைக் கையில் எடுக்குமுன் மூன்று நாட்களாவது யந்திரத்தைக் கவனித்து ஒரு கொப்பியிலே குறித்து வைக்க வேண்டும். குறிக்க வேண்டியவை நான்கு: செயலிகளின் சூடு, செயலியின் வேகம், தட்டின் வேலைப்பளு, நினைவகத்தின் நிரப்பம். பின்னைய இரண்டையும் விண்டோசில் உள்ள டாஸ்க் மனேஜரே காட்டும். சூட்டையும் வேகத்தையும் காண எச்டபிள்யூஇன்போ போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை.

குறித்து வைத்தபின் அடையாளங்களைப் பிரித்து நோக்குவோம்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் வரை ஒழுங்காக ஓடி, அதன்பின் தட்டுத் தடுமாறினால் அது சூட்டின் நோய்.

யந்திரத்தைத் திறந்ததுமே மெதுவாக இருந்து, டாஸ்க் மனேஜரிலே தட்டு 100 வீதம் என்று நெடுநேரம் நிற்குமானால் அது தட்டின் நோய்.

தனித்தனியாக எல்லாம் ஒழுங்காக ஓடி, நாலைந்து வேலைகளை ஒன்றாகத் திறந்தவுடன் இழுபடுமானால் அது நினைவகப் பற்றாக்குறை.

சூடு குறைவாக இருக்கும்போதே வேகம் மிகத் தாழ்ந்த ஓரிடத்தில் அசையாமல் நிற்குமானால், மின்னூட்டியையும் மின்கலத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

சூடு இருப்பினும் இல்லாவிடினும் திரையிலே நிறப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றினால், வரைவுச் செயலி நோயுற்றிருக்கலாம். வெளித்திரை ஒன்றை இணைத்துப் பாருங்கள். வெளித்திரையில் அவை தோன்றாவிட்டால் குற்றம் பெரும்பாலும் மடிக்கணினியின் சொந்தத் திரையிலோ அதன் வடத்திலோ இருக்கும். அது திருத்தக் கூடியது.

கடைசி அடையாளம் ஒன்று உண்டு. அது மிக முக்கியமானது. விசைப்பலகையோ அதன் கீழுள்ள தொடுபலகையோ மேலெழும்பி நின்றால், உள்ளே மின்கலம் வீங்கியிருக்கிறது என்று பொருள். உடனே யந்திரத்தை நிறுத்தி, மின்னூட்டியைக் கழற்றிவிடுங்கள். அமுக்கவோ துளையிடவோ கூடாது. லிதியம் மின்கலம் தீப்பற்றினால் அணைப்பது கடினம்.

இம்முறையின் பயனை ஓர் உதாரணத்தாற் காட்டுவோம். எம்மோடு பயிலும் நண்பர் ஒருவர், மேலே நாம் கூறிய அதே இனத்து யந்திரம் ஒன்றை வைத்திருந்தார். அவருடைய தந்தையார் சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தது. இறுதியாண்டு ஆய்வு நடக்கும் வேளையில் அது கட்டைவண்டிபோல நகரத் தொடங்கிற்று. திருத்தக் கொண்டுசென்ற ஓரிடத்திலே, திறந்தும் பாராமல், தாய்ப்பலகை போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று கூறி, புதிய யந்திரத்தின் பாதி விலையைக் கேட்டார்கள். நண்பர் கடன் வாங்க ஆயத்தமானார். நாம் சிலர் சேர்ந்து மூன்று நாட்கள் அளந்து எழுதினோம். கடுமையான வேலை கொடுத்த நான்காவது நிமிடத்திலேயே செயலி 100 பாகையைத் தொட்டது, வேகம் 1.5 கிகாஹேர்ட்சுக்குக் கீழே விழுந்தது. அதுவன்றி, திறந்து ஏழு நிமிடம் வரை தட்டு 100 வீதத்தில் நின்றது. தாய்ப்பலகை மீது குற்றஞ் சாட்ட ஒரு சான்றும் கிடைக்கவில்லை. நோய்கள் இரண்டு: ஒன்று சூடு, மற்றது தட்டு. இரண்டும் எமது கைக்குள் அடங்கியவை.

காசில்லாத மருந்துகள்

இனி மருந்துகளைக் காண்போம். செலவில்லாதவற்றை முதலிற் செய்துபார்ப்பதே முறை.

யந்திரம் திறக்கும்போது கூடவே விழித்தெழும் மென்பொருள்களை டாஸ்க் மனேஜரிலே பார்த்து, தேவையற்றவற்றை நிறுத்துக. பல ஆண்டுகளாகச் சேர்ந்த ஆட்டக் கடைகளும், ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கும் வைரசுத் தடுப்பிகளும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். தட்டிலே ஐந்திலொரு பங்காவது காலியாக இருக்கட்டும். மின்சார அமைப்பு, சிக்கனத்தில் அன்றி உயர் செயற்றிறனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் அறியாத ஒன்று: விண்டோசில் விரைவுத் தொடக்கம் என்ற வசதி இயங்கும்போது, 'ஷட்டவுண்' கொடுத்தாலும் இயக்க முறைமையின் கருப்பகுதி முழுமையாக அணைவதில்லை, அதன் நிலை தட்டிலே சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுகிறது. 'ரீஸ்ரார்ட்' கொடுத்தாற்றான் அது முற்றாகப் புதிதாகத் தொடங்கும். வாரத்திற்கொரு முறை ரீஸ்ரார்ட் செய்தல் நன்று.

யந்திரத்தை மெத்தையிலும் தலையணையிலும் வைத்துப் பாவிப்பவர்கள் அதன் மூக்கைப் பொத்துகிறார்கள். காற்றை உள்ளிழுக்கும் துவாரம் பெரும்பாலும் அடியிலேதான் உண்டு. மேசையில் வைத்து, பின்புறத்தை இரண்டு போத்தல் மூடிகளால் உயர்த்தினாலே சூடு சில பாகை குறையும். ஆட்டத்திலும் ஒரு சிக்கனம் உண்டு. திரை செக்கனுக்கு 60 படங்களையே காட்ட வல்லதாயின், செயலி 90 படங்கள் வரைவதனாற் பயனில்லை, சூடே மிச்சம். ஆட்டத்தின் அமைப்பிலே 60 என்று வரம்பிட்டுவிடுங்கள்.

தூசியும் பசையும்

இவற்றால் தீராத சூடு உட்புறத்தில் இருக்கிறது. எமது ஊர்களிலே செம்மண் தூசியும், மேலே சுழலும் விசிறி கொண்டுவரும் பஞ்சும், கடற்கரைப் பகுதிகளில் உப்பீரமும் உண்டு. இவை எல்லாம் விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே சேர்ந்து பாய்போற் படிந்துவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுந் தெரியாது. இரண்டாவது குற்றம், செயலிக்கும் செப்புத் தட்டுக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பசை காய்ந்து போதல். சில ஆண்டுகளில் அது வெடித்து, ஓரங்களுக்கு ஒதுங்கி, நடுவிலே காற்றிடைவெளி விட்டுவிடும்.

துப்புரவு செய்யும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். உத்தரவாதக் காலம் முடியாத யந்திரமாயின் திறக்கவேண்டாம். முடிந்ததாயின், யந்திரத்தை அணைத்து, மின்னூட்டியைக் கழற்றி, மெத்தையில்லாத மேசையில் வையுங்கள். நிலத்தோடு தொடர்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்னை விடுங்கள். திருகாணிகளைக் கழற்றுகையில் நீளமும் குட்டையும் கலக்காதபடி, ஒரு கடதாசியில் யந்திரத்தின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்திலே அவற்றைக் குத்தி வையுங்கள். றப்பர்க் கால்களின் அடியிலும் திருகாணி ஒளிந்திருப்பதுண்டு. மூடியை ஆறுதலாக எடுங்கள். உள்ளே முதல் வேலை, மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுவது. அதைச் செய்யுமுன் வேறெதையுந் தொடவேண்டாம்.

தூசியை மென்மையான தூரிகையாலும், கைப்பம்பினாலோ அடைத்த காற்றுப் போத்தலினாலோ ஊதியும் அகற்றலாம். விசிறியின் இதழை ஒரு விரலாற் பிடித்துக்கொண்டே ஊதுக. காற்றினால் அது வெறித்தனமாகச் சுழன்றாற் தாங்கி கெடும். மோட்டார்ச் சைக்கிள் திருத்துமிடத்திலே சக்கரத்துக்கு ஊதும் காற்றை இதற்குப் பாவிப்பவர்களைக் கண்டிருக்கிறோம். அதிலே நீரும் எண்ணெயும் கலந்திருக்கலாம். அதன் வேகமும் அதிகம். வேண்டாம்.

பசையை மாற்றுவதாயின், செப்புத் தட்டின் திருகாணிகளுக்கருகே எழுதியுள்ள இலக்கங்களைப் பாருங்கள். இறுக்கும்போது அந்த ஒழுங்கிலும், தளர்த்தும்போது அதற்கு எதிர் ஒழுங்கிலும், சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். பழைய பசையை 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுறொப்பைல் மதுசாரத்தினாற் துடைத்தெடுக்க வேண்டும். அம்மாவின் ஓடிக்கொலோன் இதற்கு உதவாது. அதிலே நீரும் வாசனைப் பொருளும் உண்டு. புதிய பசை, செயலியின் முகத்தை மெல்லிதாக மூடும் அளவு போதும். வரைவு நினைவகத்தின் மேலுள்ள மெத்துத் துண்டுகள் கிழிந்திருந்தால், அதே தடிப்புள்ளவற்றையே போட வேண்டும். தடிப்புக் கூடினாற் செப்புத் தட்டு செயலியோடு பொருந்தாமல் தூக்கி நிற்கும். திரவ உலோகம் என்று ஒரு வகை விற்கப்படுகிறது. அது மின்னைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். புதிதாகப் பழகுவோர் அதனைத் தொடாதிருத்தல் நலம்.

எம் நண்பரின் யந்திரத்தை இவ்வாறு துப்புரவு செய்து மூடிய அன்று, அதே வேலையை அதே நேரம் கொடுத்துப் பார்த்தோம். சூடு 82 பாகையில் நின்றது. வேகம் அடிப்படை அளவுக்குக் கீழே ஒருபோதும் இறங்கவில்லை.

தட்டும் நினைவகமும்

சுழலும் தட்டு உள்ள யந்திரத்துக்கு, காசு கொடுத்துச் செய்யும் மருந்துகளிலே முதன்மையானது எஸ்எஸ்டி எனப்படும் அசையாத் தட்டே. சுழலும் தட்டிலே, வேண்டிய தரவு இருக்குமிடத்துக்கு ஒரு கை நகர்ந்து செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அதற்குப் பத்து மில்லிசெக்கனுக்கு மேற் செல்லும். எஸ்எஸ்டியில் நகரும் உறுப்பு எதுவுமில்லை. ஒரு மில்லிசெக்கனின் பத்திலொன்று அளவிலேயே விடை கிடைக்கும். இயக்க முறைமை திறக்கும்போது இத்தகைய சிறு தேடல்கள் ஆயிரக்கணக்கில் நடப்பதனால், வேறுபாடு கண்கூடாகத் தெரியும். வாங்குமுன் உங்கள் யந்திரம் எவ்வகையை ஏற்கும் என்று கைந்நூலிலே பாருங்கள். எம்.2 என்ற பொருத்திடம் ஒன்றுபோலத் தோன்றினாலும், சாற்றா வகையை மட்டும் ஏற்பதும் என்விஎம்ஈ வகையை ஏற்பதும் உண்டு.

தட்டில் நோய் என்று சந்தேகித்தால், முதலிற் செய்ய வேண்டியது திருத்தமன்று, பிரதி எடுத்தல். ஆய்வறிக்கையையும் குடும்பப் படங்களையும் வேறோரிடத்திலே வைத்த பின்னரே மற்றவை. கிறிஸ்ரல் டிஸ்க் இன்போ என்ற மென்பொருள், தட்டு தன்னைப்பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் நோய்க்குறிப்பை வாசித்துக் காட்டும். பழுதான பகுதிகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால், அந்தத் தட்டை நம்புதல் ஆகாது.

நினைவகம் 8 கிகாபைற்று மட்டும் உள்ள யந்திரங்களில், அது ஒரே துண்டாக ஒரு பொருத்திடத்தில் இருந்து மற்றது வெறுமையாய்க் கிடப்பதுண்டு. அதற்கு இணையான இன்னொரு துண்டைப் போட்டால் அளவு 16 ஆவதோடு, இரண்டு வழியாகவும் தரவு பாய்வதனால் ஆட்டங்களும் சீராகும். டிடிஆர்4 உள்ள இடத்தில் டிடிஆர்3 அல்லது டிடிஆர்5 பொருந்தாது. இதை அறியாமல் வாங்கிவரும் காசு வீண்.

மின்கலமும் மின்னூட்டியும்

இவ்வினத்து யந்திரங்களுக்கு 120 உவாற்றோ அதற்கு மேலோ தரும் மின்னூட்டி வேண்டும். தொலைந்ததற்குப் பதிலாக அயலவரின் 65 உவாற்று மின்னூட்டியைச் செருகினால் யந்திரம் இயங்கும். ஆனால் வேகத்தை அடக்கிக்கொண்டே இயங்கும். சில யந்திரங்கள் தம்முடைய மின்னூட்டியை அடையாளங் காணாவிட்டால் மின்கலத்தை நிரப்பவும் மறுக்கும். வடத்தின் நுனியிலுள்ள மெல்லிய கம்பி ஒன்று அறுந்ததைச் செயலியின் நோயென்று மயங்குபவர் பலர்.

மின்கலம் எத்தனை மெலிந்துள்ளது என்பதை விண்டோசின் மின்கல அறிக்கை காட்டும். புதிதாயிருந்தபோது கொண்ட அளவும் இப்போது கொள்ளும் அளவும் அதிலே அருகருகே இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கினால் மாற்றுவது பற்றி யோசிக்கலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்களை நினைப்பவர்களுக்கு மின்கலத்தின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. எந்நேரமும் மேசையிலே செருகியபடி பாவிப்பவர்கள், நிரப்பத்தை 80 வீதத்தில் நிறுத்தும் வசதி தங்கள் யந்திரத்தில் இருந்தால் அதைப் பாவிக்க வேண்டும். கழற்றிய பழைய மின்கலத்தைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவது பேராபத்து. மின்னணுக் கழிவு சேகரிப்போரிடமே அதை ஒப்படைக்க வேண்டும்.

மென்பொருளின் முதுமை

உடல் தேறினாலும் மென்பொருளில் ஒரு தடை உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11, இன்ரெல் செயலிகளிலே சில விலக்குகள் நீங்கலாக எட்டாந் தலைமுறையையும் அதற்குப் பிற்பட்டவற்றையுமே முறைப்படி ஏற்கிறது. நாம் உதாரணமாகக் கொண்ட 7700எச்கியூ ஏழாந் தலைமுறை. ஒரு படியால் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டது. வீட்டுப் பாவனையாளர் பதிவுசெய்து, பாதுகாப்புத் திருத்தங்களை 2026 ஒக்டோபர் 13 வரை பெறும் ஏற்பாடு ஒன்றை நிறுவனம் அறிவித்தது. என்விடியாவும் அந்தத் தலைமுறை வரைவுச் செயலிகளுக்குப் புதிய ஆட்டங்களுக்கான இயக்கி வெளியிடுவதை 2025 ஒக்டோபருடன் நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 ஒக்டோபர் வரை தருவதாகக் கூறிற்று.

எனவே நெடுநாள் வைத்திருக்க எண்ணுவோர் லினக்ஸ் பக்கம் திரும்புதல் தகும். லினக்ஸ் மின்ற், உபுண்டு ஆகியவை இலவசம். விண்டோசுக்கென ஆக்கிய ஆட்டங்களிற் பலவற்றை லினக்சில் ஓட்டும் புரோட்டன் என்ற வசதி ஸ்ரீமில் 2018இல் வெளிவந்தது. ஏமாற்றுத் தடுப்பி பூட்டிய சில ஆட்டங்கள் அங்கே ஓடமாட்டா என்பதையும் மறைக்காமற் சொல்கிறோம். எழுத்து வேலைக்கும் படிப்புக்கும் அது தாராளமாகப் போதும்.

செயலிக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்துச் சூட்டைத் தணிக்கும் வழியும் ஒன்றுண்டு. ஆனால் 2019 டிசெம்பரில் பிளண்டர்வோல்ற் என்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்ட பின்னர், பல நிறுவனங்கள் அந்தக் கதவைப் பூட்டிவிட்டன. பூட்டியிருந்தால் உடைக்க முனைய வேண்டாம். தூசி துடைத்தவனுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

எங்கே நிறுத்துவது?

மருந்து அறிவதைப் போலவே, மருந்தை நிறுத்தும் இடத்தை அறிவதும் அறிவே. பெரும்பாலான மடிக்கணினிகளில் வரைவுச் செயலி தாய்ப்பலகையோடு பற்றாசு வைக்கப்பட்டது. மேசைக் கணினியிற்போலக் கழற்றி வேறொன்று போட இயலாது. அது உண்மையாகவே பழுதானால், சூடு காட்டி உயிர்ப்பிக்கிறோம் என்று சொல்பவர்களுக்குக் காசு கொடுப்பதில் பயனில்லை. அவ்வாறு எழுந்தது பெரும்பாலும் சில வாரங்களில் மீண்டும் படுக்கும். அதன் 4 கிகாபைற்று வரைவு நினைவகத்தை எவராலும் கூட்ட முடியாது. ஆகவே இன்று வெளிவரும் பேராட்டங்களை உயர்ந்த அமைப்பில் ஆட அதற்கு இயலாது. எத்தனை பசை பூசினும் 2017 யந்திரம் 2017 யந்திரமே.

நாம் கைக்கொள்ளும் விதி ஒன்றைச் சொல்வோம். துப்புரவு, பசை, எஸ்எஸ்டி, நினைவகம் ஆகிய நான்கும் புதிய யந்திரத்தின் விலையில் ஐந்திலொன்றுக்குள் அடங்குமானால் தயங்காது செய்க. தாய்ப்பலகை என்ற சொல் வந்துவிட்டால், வேறோரிடத்திலும் காட்டி இரண்டாவது அபிப்பிராயம் பெறுக. அவர்களும் அதையே அளந்து காட்டினால் நிறுத்துக. அப்போதும் அதிலுள்ள எஸ்எஸ்டி புதியதற்கு வெளித்தட்டாக உதவும். போட்ட காசு முழுதும் வீண்போகாது.

எம் நண்பரின் யந்திரம் இப்போது அரை நிமிடத்துக்குள் திறக்கிறது. எஸ்எஸ்டி, பசை, மதுசாரம் எல்லாவற்றுக்குமான செலவு, தாய்ப்பலகைக்கு அவரிடம் கேட்ட தொகையில் ஒரு சிறு பங்கே. ஆய்வறிக்கை உரிய திகதியில் ஒப்படைக்கப்பட்டது. தந்தையார் அடுத்த சீட்டை மகளின் படிப்புக்கென வைத்திருக்கிறார்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளை புதிய யந்திரம் கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே கடன்படவும் வேண்டாம். "மூன்று நாள் அளந்து எழுதிய கொப்பியைக் கொண்டு வா" என்று கேளுங்கள். உண்மையான தேவை இருந்தால் அந்தக் கொப்பியே எடுத்துரைக்கும். இல்லையெனில் கேட்ட பிள்ளைக்கே வெட்கம் வரும்.

இளைஞர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். பொங்கலுக்கு முன் வீட்டைத் துப்புரவாக்கும் வழக்கம் எல்லோரிடமும் உண்டு. அவ்வாரத்திலே ஒரு நாளை ஒதுக்கி, இந்தச் சங்க மண்டபத்தில் நான்கு மேசைகளையும், திருப்புளிகளையும், தூரிகைகளையும் வைத்து, ஊர் மாணவரின் மடிக்கணினிகளைத் துப்புரவு செய்து கொடுப்போமாக. தெரிந்தவர் தெரியாதவருக்குப் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுக்கட்டும். நோயை மறைக்காமற் சொல்லி, வீண் செலவைத் தடுத்து, உள்ளதை உள்ளபடி அளந்து காட்டும் கைகள் நாலு எமது ஊரில் உண்டாகுமானால், திறந்தும் பாராமல் விலை கூறுபவர்களுக்கு இங்கே வேலை இராது.